வேலிக்கு அப்பால்

ஞாயிறுதோறும் ஆலயத்தில் அமர்ந்து பிரசங்கங் கேட்பதோடு எமது கடமை நிறைவேறிவிட்டதென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். நோயாளரைச் சந்தித்தலும், துயருற்றோரைத் தேற்றுதலும் போதகரின் வேலையல்லவா?

எமது அயலில் மூதாட்டியொருவர் நோயுற்றுப் படுக்கையிற் கிடந்தார். நாம் அதனைப் போதகருக்கு அறிவித்துவிட்டு வாளாவிருந்தோம். அவரோ, “வாருங்கள், இருவருமாகப் போவோம்” என்று எம்மையும் அழைத்துச் சென்றார். அங்கே ஜெபிக்கும்படி அவர் கேட்டபோது எமக்கு நா எழவில்லை. நாற்பது வருடம் பிரசங்கங் கேட்ட செவிகள் இருந்தன. இரண்டு வார்த்தை கூற வாயில்லை!

திரும்பும் வழியிலே போதகர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. பவுல் அப்போஸ்தலனோடு கூடாரத் தொழில் செய்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதிகளை நினைவூட்டினார். கைத்தொழிலாளரான அவ்விருவருமே, கல்விமானாகிய அப்பொல்லோவுக்கு எபேசு பட்டணத்தில் தேவ மார்க்கத்தைத் திருத்தமாக விளக்கியவர்கள்.

அதன்பின் புதன்கிழமை மாலைகளில் எம்மிற் சிலரைக் கூட்டி, நோயாளரின் அருகில் அதிகம் பேசாதிருக்கவும், அவர் கூறுவதைச் செவிமடுக்கவும், சுருக்கமாக ஜெபிக்கவும், கேட்டதைப் பிறரிடம் சொல்லாதிருக்கவும் பழக்கினார்.

அடுத்த முறை தனியே சென்றோம். ஜெபம் தடுமாறியே வந்தது. மூதாட்டி எமது கையைப் பற்றி, “போதகர் வாறது அவற்றை கடமை, தம்பி. நீ வந்தாய் பார், அதுதான் எனக்கு ஆறுதல்” என்றார். மூன்றாம் மாதம் அவர் கண்மூடினார்.

எமக்கும் அவருக்கும் இடையே இருந்தது ஒரு கிடுகுவேலி மாத்திரமே. அதனைக் கடக்க எமக்கு நாற்பது வருடங்கள் சென்றன. வாசகர்களே, உங்கள் வேலிக்கு அப்பால் இருப்பவர் யார்?