கலெக்டருக்கு எவ்வளவு?

நமக்குத் தெரிந்த கலெக்டர் ஜீப்பில் வருவார். டிரான்ஸிஸ்டரிலும் ஒரு கலெக்டர் உண்டு. மூன்று கால்களில் ஒன்று. மற்றவை பேஸ், எமிட்டர். கரன்ட் கலெக்டரில் நுழைந்து எமிட்டர் வழியே வெளியேறும்.

குயிலாப்பாளையத்தில் பி.காம். படித்த எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவன் அக்கா பையன். டிப்ளமோவில் ஒரே ஒரு அரியர், எலெக்ட்ரானிக்ஸ். "இந்தத் தடவையும் போச்சுன்னா உப்பு லாரிக்குப் போயிடறேன் மாமா" என்றான். விடுவேனா? புத்தகத்தைப் பிரித்தேன்.

டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயர். அச்சில் வார்த்த மாதிரி இரண்டு டிரான்ஸிஸ்டர்கள். எமிட்டர் இரண்டும் சேர்ந்து, ஒரே ரெஸிஸ்டர் வழியாக மைனஸ் 12 வோல்ட்டுக்குப் போகின்றன. அட, நம்ம பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட்ஸ்! மொத்தத்தைக் கண்டுபிடி, அப்புறம் பங்கு பிரி.

பேஸ் இரண்டும் பூஜ்யம் வோல்ட். எமிட்டர் அதற்கு 0.7 கீழே. 12-ல் அது போக ரெஸிஸ்டருக்கு 11.3 வோல்ட். ரெஸிஸ்டர் 11.3 கிலோ ஓம் என்றால் மொத்தக் கரன்ட் 1 மில்லி ஆம்பியர். ஆளுக்குப் பாதி, 0.5. பேஸில் போவது நூற்றில் ஒரு பங்கு அளவு, சில்லறை, தள்ளுபடி. கலெக்டருக்கு 0.5!

"ஒரு பேஸ்ல மட்டும் வோல்டேஜ் ஏறினா?"

"மரக்காணம் உப்பளத்தை நினைச்சுக்கோடா. ஒரு வாய்க்கால், ரெண்டு பாத்தி. இந்த மடையை அகலமாத் திறந்தா அந்தப் பாத்திக்குக் குறையும். மொத்தத் தண்ணி அதேதான்."

இங்கே 18 மில்லிவோல்ட் வித்தியாசத்துக்கே பங்கு இரண்டுக்கு ஒன்றாகிவிடும். 60 என்றால் பத்துக்கு ஒன்று! இரண்டு பேஸும் சேர்ந்து ஏறினால் பங்கு மாறாது.

விஷயமே அதில்தான். வால்வு காலத்திலேயே, 1936-ல், இங்கிலாந்தின் ஆலன் ப்ளம்லைன் இப்படியொரு ஜோடிக்குப் பேட்டன்ட் கேட்டிருக்கிறார். போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து ஈ.சி.ஜி. எடுத்தபோதும் இதே தத்துவம்தான் வேலை செய்தது. நெஞ்சின் மேல் கிடைப்பது சுமார் 1 மில்லிவோல்ட். சுற்றியுள்ள கரன்ட் ஒயர்களின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதைவிடப் பெரிசு. ஆனால் இரைச்சல் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். மெஷின் அதைக் கழித்துவிட்டு, வித்தியாசத்தை மட்டும் பெருக்கி எழுதுகிறது.

"தாத்தாவோடதா?" என்றவன் நோட்டை இழுத்து, ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டான்.

பரீட்சை முடிந்தது. ரிசல்ட் அடுத்த மாசம். "கலெக்டர் வந்தாராடா?" என்றேன்.

"வந்தார் மாமா. நம்பர்தான் வேற. பங்காளிங்க அதே ஆளுங்க!"