எலிக்கு வேலை செஞ்ச மருந்து

தலையில அடிபட்டா, அடிபட்ட அந்த நிமிஷத்தோட சேதம் முடிஞ்சிடறதில்லைங்க. அப்புறம் வர்ற சில மணி நேரம், சில நாள்ல வீக்கம், ரத்தக்கசிவுன்னு பக்கத்துல நல்லா இருந்த செல்லும் சாகுது. இந்த ரெண்டாவது சுற்றை மருந்து கொடுத்து நிறுத்த முடியுமா? இதைத்தான் பல வருஷமா தேடிக்கிட்டிருக்காங்க.

பாண்டியில எங்க மாமா பையன் பைக்ல இருந்து விழுந்து, மூணு நாள் நினைவில்லாம கிடந்தான். வீட்டுக்கு வரும்போது சீட்டுல சிட்டிகோலின் மாத்திரை. அத்தை கடன் வாங்கி மாசாமாசம் வாங்கினாங்க. "நீதான் நெட்ல எல்லாம் பாப்பியே, இது கேக்குதான்னு பாருப்பா"ன்னாங்க. ஆணி புடுங்குற வேலைக்கு நடுவுல உட்கார்ந்து படிச்சேன்.

எலிகள்ல ஜோரா வேலை செஞ்ச மருந்துங்க மனுஷங்ககிட்ட வரிசையா படுத்திருக்கு. நம்ம பாஷையில சொன்னா, டெஸ்ட்ல ஓடி ப்ரொடக்‌ஷன்ல புட்டுக்கிச்சு. சிட்டிகோலினை 1,213 பேருக்கு மருந்து பாதி, வெத்து மாத்திரை பாதின்னு 90 நாள் கொடுத்துப் பார்த்தாங்க. 2012-ல வந்த முடிவுல ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லை. 2014-ல புரோஜெஸ்டிரோனும் ரெண்டு பெரிய சோதனையில தோத்துச்சு.

பயமுறுத்தினது 'க்ராஷ்' சோதனைதான். முப்பது வருஷமா நம்பிக் கொடுத்த ஸ்டீராய்டை 49 நாடுகள்ல 10,008 பேர்கிட்ட பார்த்தாங்க. 2004-ல கணக்கு: ரெண்டு வாரத்துல ஸ்டீராய்டு வாங்கினவங்கள்ல 21.1 சதவீதம் சாவு, வாங்காதவங்கள்ல 17.9. காப்பாத்தும்னு கொடுத்தது கொன்னிருக்கு! ஒப்பிட்டுப் பார்க்காம இருந்திருந்தா இன்னும் கொடுத்துக்கிட்டேதான் இருந்திருப்பாங்க.

கொஞ்சம் நம்பிக்கை கொடுத்தது 2019-ல வந்த 'க்ராஷ்-3'. ரத்தக்கசிவைக் குறைக்கிற டிரனெக்ஸாமிக் ஆசிட், 12,737 பேர். மொத்தமா பார்த்தா பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா அடி மிதமா இருந்து, மூணு மணி நேரத்துக்குள்ள ஊசி போட்டவங்கள்ல சாவு குறைஞ்சுது.

அத்தை இதையெல்லாம் டாக்டர்கிட்டயே கேட்டாங்க. அவரும் மாத்திரையை நிறுத்திக்கலாம்னுட்டார். அந்தக் காசு இப்ப பிசியோதெரபிக்குப் போகுது.

2019 பிப்ரவரியில அப்போதைய ஆளுநர் கிரண் பேடியே நம்ம ரோட்டுல இறங்கி, ஹெல்மெட் இல்லாத வண்டிகளை மடக்கினாங்க. ஊரே சண்டை போட்டுச்சு. அந்த அரசியல் கிடக்கட்டும். ஹெல்மெட் தலைக்காயத்தை 69 சதவீதம், சாவை 42 சதவீதம் குறைக்குதுன்னு 2008-ல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்காங்க. இந்தக் கணக்குக்குப் பக்கத்துல வர்ற மாத்திரை எதுவும் இன்னும் வரலை மக்களே. போட்டுக்கிட்டு கிளம்புங்க.