ஒரு கிழமைச் சொந்தம்

ஆபிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அத்திலாந்திக் சமுத்திரத்தில் இருக்கிறது தெனரீப் தீவு. ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமானது. நடுவே 3,715 மீற்றர் உயரத்தில் தெய்தே எரிமலை நிற்கிறது. எரிமலைப் பாறை தேய்ந்து உண்டான கடற்கரைகளில் மணல் கறுப்பு. வாழைத்தோட்டங்களைக் கண்டபோது எனக்கு நீர்வேலிதான் நினைவுக்கு வந்தது.

2018இல் லண்டனில் வசிக்கும் என் மச்சாளுடன் அங்கு சென்றிருந்தேன். தீவின் தெற்கே லொஸ் கிறிஸ்தியானோஸ் என்ற ஊர். அங்குள்ள ஒரு விடுதியில் மச்சாளுக்கு ஆண்டுக்கு ஒரு கிழமை 'சொந்தம்'. ஒரே வீட்டைக் கிழமை கிழமையாகப் பிரித்துப் பலருக்கு விற்கும் இந்த முறையை 'ரைம்ஷெயர்' என்கிறார்கள்.

1995இல் கணவர், பிள்ளைகளுடன் விடுமுறைக்கு வந்த மச்சாளிடம் வீதியில் ஒருவர் சுரண்டும் சீட்டு ஒன்றைக் கொடுத்தாராம். பரிசு விழுந்ததென்று விடுதிக்கு அழைத்துப் போனார்கள். நான்கு மணித்தியாலம் இருத்திவைத்துக் கதைத்தார்கள். "இந்த விலை இன்றைக்கு மட்டும்தான்" என்றார்கள். பிள்ளைகள் பசியில் அழ, இருவரும் கைச்சாத்திட்டார்கள்.

பின்னர் கணவர் காலமானார். பிள்ளைகள் அங்கே வருவதில்லை. ஆனால் பராமரிப்புக் கட்டணம் ஆண்டுதோறும் ஏறியது. போனாலும் போகாவிட்டாலும் கட்டவேண்டும். விற்கப் பார்த்தால் வாங்க ஆளில்லை. "வாங்குபவர் தயார், முதலில் பதிவுச் செலவை அனுப்புங்கள்" என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னார். காசு போனதும் அந்தக் குரலும் போய்விட்டது.

"இதைச் சும்மா குடுக்கவும் ஏலாமல் கிடக்கு" என்றார் மச்சாள்.

ஸ்பெயினில் 1999 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் இந்த உரிமைக்கு 50 ஆண்டு எல்லை வைத்தது. அதற்குப் பிறகு முடிவுத் திகதி இல்லாமல் எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் செல்லாதென 2015 முதல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து வருகிறது. மச்சாளின் பத்திரம் அதற்கு முந்தியது.

நாங்கள் போனதே அதைத் திருப்பி ஒப்படைக்கத்தான். மூன்று வருடக் கட்டணத்தை முன்கூட்டிக் கட்டினால் எடுப்போம் என்றார்கள். தனக்குப் பின் பிள்ளைகளின் தலையில் இது விழக்கூடாதென்று மச்சாள் கட்டினார். அன்று மாலை கடற்கரையில் நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

சகோதரிகளே, தெனரீப் எங்களுக்குத் தூரம். ஆனால் கடன் பத்திரத்தோடும் தவணைச் சீட்டோடும் படலையைத் திறந்து வருபவர்கள் தூரமில்லை. ஐரோப்பாவில் ரைம்ஷெயர் வாங்கியவர் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம் என்று 2009இல் விதி செய்தார்கள். பேனையைக் கையில் எடுக்குமுன் நாமும் அவகாசம் கேட்போம். மொத்தம் எவ்வளவு கட்டவேண்டும்? எத்தனை வருடம்? இடையில் விலக வழி என்ன? பதிலை எழுத்தில் வாங்குங்கள். "இன்றைக்கே" என்று அவசரப்படுத்தினால், நாளை வரச் சொல்லுங்கள்.