கோடையும் டயரும் நம் அமானிதமும்

 

மார்க்க விளக்கங்களும் குடும்ப நலக் குறிப்புகளும் இடம்பெறும் இப்பக்கங்களில், மதரஸா ஆசிரியன் ஒருவன் கார் டயர்களை ஒப்பிட்டு எழுத முற்படுவது உங்களுக்கு வியப்பளிக்கலாம். வரலாறு பயின்று பட்டம் பெற்றுப் பின்னர் மதரஸாவில் பணியேற்ற எனக்கும் இயந்திரங்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும், 2023ஆம் ஆண்டு மே மாதத்து நண்பகல் ஒன்றில் கற்ற பாடத்தை என்னோடு வைத்துக்கொள்வது முறையன்று என்று உள்ளம் உறுத்துவதால் இதனை எழுதுகின்றேன்.

புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டிலிருந்து சில நிமிடம் நடந்தால் கடற்கரை. மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்காகச் சுற்றுப்புற ஊர்களிலிருந்தெல்லாம் மக்கள் திரளும் கரை அது. எஞ்சிய நாட்களில் படகுகளும் வலைகளுமே அங்கு காட்சி தரும். குவைத்தில் பணிபுரியும் என் இளைய சகோதரர், குடும்பத்தின் பயன்பாட்டிற்கென ஒரு சிறிய காரை என் பொறுப்பில் விட்டுச் சென்றிருந்தார். அதன் டயர்கள் நான்கும் பட்டன் தேய்ந்து மொட்டையாகிவிட்டன என்று தெரிவித்தபோது, புதிய டயர்கள் வாங்குமாறு பணமும் அனுப்பினார்.

நான் செய்தது என்ன? பழைய டயர்களை வாங்கி விற்கும் கடை ஒன்றை நாடிச் சென்றேன். பட்டன் ஆழமாக, கறுத்துப் பளபளவென்றிருந்த நான்கு டயர்களைப் பாதிக்கும் குறைந்த விலையில் வாங்கி மாட்டினேன். மீந்த பணத்தைச் சகோதரர் பெயரிலேயே எழுதி வைத்தேன். அவருடைய பொருளைச் சிக்கனமாகச் செலவிட்டேன் என்ற பெருமிதம்கூட எனக்கு இருந்தது.

எங்களுக்காக அவ்வப்போது கார் ஓட்டித் தரும் இளைஞர் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் டயரின் பக்கவாட்டை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, "அஜரத்து, பட்டன் நல்லாத்தான் இருக்கு. ஆனா ரப்பர் செத்துப்போன மாதிரி தெரியுது. எதுக்கும் ஒரு தடவை காட்டிப் பார்த்துடலாமே?" என்றார். நான் புன்னகைத்து, "அல்லாஹ் பார்த்துக்கொள்வான், தம்பி" என்று கூறி அவர் வாயை அடைத்தேன்.

வாசகர்களே, அந்தச் சொல்லை நான் எத்தனையோ முறை பயன்படுத்தியிருக்கின்றேன். அன்று அதனை என் சோம்பலுக்கும் கஞ்சத்தனத்திற்கும் போர்வையாகப் பயன்படுத்தினேன் என்பதை இரண்டு வாரம் கழித்தே உணர்ந்தேன்.

மூன்றாண்டுகளுக்குப் பின் விடுமுறையில் வரும் சகோதரரை அழைத்து வர, என் தாயாருடனும் மகளுடனும் சென்னை விமான நிலையத்திற்குப் புறப்பட்டோம். லுஹர் தொழுகை முடித்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்றோம். அக்கினி நட்சத்திர வெயில். மரக்காணத்தின் உப்பளங்களைக் கடக்கையில் வெடி வெடித்தாற் போன்றதோர் ஓசை எழுந்தது. பின்புற இடது டயர் கிழிந்து, காரின் பின்பகுதி ஒரு பக்கமாக இழுத்துச் சென்றது. அந்த இளைஞர் பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை இரு கைகளாலும் இறுகப் பற்றி நேராக நிறுத்தி, ஆக்சிலேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்தார். வண்டி தானே வேகம் தணிந்து சாலையோர மணலில் நின்றது. எதிரே வந்த பேருந்து எங்களைக் கடந்து சென்ற காட்சி இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், உயிர்கள் தப்பின. ஆனால் முன் இருக்கையில் மோதி என் தாயாரின் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மகனைக் கட்டித் தழுவ வேண்டிய கை, மாவுக்கட்டுடன் அவரை வரவேற்றது. நடந்ததை ஒளிக்காமல் சகோதரரிடம் கூறினேன். அவர் கோபிக்கவில்லை. "பணம் பத்தலேன்னா கேட்டிருக்கலாமேண்ணே" என்று மட்டும் கேட்டார். பணம் போதாமல் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

கிழிந்த டயரைப் பின்னர் பஞ்சர் கடையில் காட்டினேன். கடைக்காரர் அதன் பக்கவாட்டில் நீள்வட்டத்திற்குள் பொறித்திருந்த நான்கு இலக்கங்களைச் சுட்டினார். 2215. அதாவது, 2015ஆம் ஆண்டின் 22ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. ஏறத்தாழ எட்டாண்டு வயது! ரப்பர் ஓடினால்தான் தேயும் என்று நாம் எண்ணுகிறோம். வெப்பமும் வெயிலும் காற்றிலுள்ள உயிர்வளியும் சேர்ந்து, ஓடாத டயரையும் முதுமையடையச் செய்கின்றன. பட்டன் ஆழமாக இருக்க, உள்ளிருக்கும் பிணைப்பு உலர்ந்துவிடுகிறது. கார் நிறுவனங்கள் பலவும் ஆறாண்டுக்குப் பின் டயரை மாற்றுமாறு பரிந்துரைக்கின்றன. டயர் நிறுவனங்கள் பத்தாண்டை இறுதி எல்லையாக வைக்கின்றன. எங்கள் பகுதியின் வெயிலுக்கு முதற்கணக்கே பொருத்தமானது.

இதன் பின்னரே டயர்களை ஒப்பிட்டுப் பார்க்கக் கற்றேன். பிரான்சில் வாழும் என் மைத்துனர் விடுமுறைக்கு வந்திருந்தபோது, "உங்கள் காரில் கோடை டயரா போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. ஐரோப்பாவில் கோடைக்கென ஒரு டயரும் குளிர்காலத்திற்கென மற்றொரு டயரும் உண்டாம். வெப்பம் 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் கோடை டயரின் ரப்பர் விறைத்துப் பிடிமானம் இழக்கும். ஆகவே பிரான்சின் மலைப்பகுதிகளில் 2021 முதல், நவம்பர் தொடக்கம் மார்ச் இறுதி வரை குளிர்கால டயரோ சங்கிலியோ சட்டப்படி வேண்டும். பனியே காணாத நமக்கு ஆண்டு முழுதும் கோடை டயர்தான். அதனால் நம் கடைகளில் அதனை வெறும் டயர் என்றே அழைக்கிறோம். ஆனால் கோடை டயர் என்ற பெயர் ஒன்றே அதை மே மாத வெயிலிலிருந்து காத்துவிடும் என்று எண்ணிவிடலாகாது.

புதிய டயர் வாங்கச் சென்றபோது கடைக்காரர் மூன்று வகைகளை எடுத்து வைத்தார். முதலில் பக்கவாட்டு எழுத்துக்களைப் படித்தேன். 165/80 R14 85T என்றால் அகலம் 165 மில்லிமீட்டர். பக்கவாட்டின் உயரம் அந்த அகலத்தில் 80 விழுக்காடு. R என்பது ரேடியல். ரிம் 14 அங்குலம். 85 என்ற எண் 515 கிலோ வரை தாங்கும் என்பதற்கும், T என்ற எழுத்து மணிக்கு 190 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதற்கும் குறியீடு. சுமை எண் காருக்கு விதித்ததைவிடக் குறைவாக இருந்தால், விலை எவ்வளவு மலிவாயினும் அதனை ஒதுக்கிவிட வேண்டும். பெருநாளுக்கு ஊர் செல்கையில் ஐவர் அமரும் காரில் எழுவரை ஏற்றும் பழக்கமுடைய நாம் இதனை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும்.

அடுத்தது உழைப்பு. எளிமைக்காக ஒரு கணக்குச் சொல்கின்றேன். 4,000 ரூபாய் டயர் 40,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்குப் 10 காசு. 5,400 ரூபாய் டயர் 60,000 கிலோமீட்டர் ஓடினால் 9 காசு. விலை கூடியதே இங்குச் சிக்கனம். ஆனால் இதிலும் ஒரு நுட்பம் உண்டு. நெடுங்காலம் உழைக்கும் கடினமான ரப்பர், பொதுவாக ஈரச் சாலையில் பிடிமானம் குறைந்தது. மென்மையான ரப்பர் நன்கு பற்றும், விரைவில் தேயும். இரண்டையும் ஒருங்கே தருவதில்தான் நல்ல டயருக்கும் மற்றதற்கும் வேறுபாடு தெரிகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் சாலைகளில் மழைநீர் நிற்பதைக் கண்டவர்கள், ஈரப் பிடிமானத்தை விட்டுக்கொடுத்து உழைப்பை வாங்கமாட்டார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒவ்வொரு டயருடனும் எரிபொருள் சிக்கனம், ஈரப் பிடிமானம், ஓசை ஆகியவற்றைக் காட்டும் அட்டை இருக்கும். முதல் இரண்டிற்கும் 2021 மே முதல் A தொடங்கி E வரை ஐந்து தரங்கள். ஈரச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால், ஒரு தரத்திற்கும் அடுத்த தரத்திற்கும் இடையே நிற்கும் தூரத்தில் 3 முதல் 6 மீட்டர் வரை வேறுபாடு உண்டாகுமாம். தெருவில் ஓடிவரும் ஒரு குழந்தையின் உயிர் அந்த மூன்று மீட்டருக்குள் அடங்கியிருக்கலாம். ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமாகிய அடாக், ஆண்டுதோறும் கோடை டயர்களை ஓட்டிப் பார்த்து ஒப்பிடுகிறது. அங்கும் மொத்த மதிப்பீட்டில் 70 விழுக்காடு ஓட்டப் பாதுகாப்பிற்கும், 30 விழுக்காடு தேய்மானம் உள்ளிட்ட சுற்றுச்சூழல் தன்மைக்கும் செல்கிறது. உயிருக்கே முதலிடம்.

வெப்பம் தாங்கும் திறனுக்கும் குறியீடு உண்டு. சில டயர்களின் பக்கவாட்டில் டெம்பரேச்சர் என்ற சொல்லுக்கு அருகே A, B, C என்ற எழுத்துக்களில் ஒன்று காணப்படும். A எனில் வெப்பத்தை மிகுதியாகத் தாங்கும். அதனுடன் வரும் ட்ரெட்வேர் எண், நிறுவனமே தன் டயருக்கு அளித்துக்கொள்வது. ஆதலால் ஒரே நிறுவனத்தின் இரு டயர்களை ஒப்பிட அது உதவும். வெவ்வேறு நிறுவனங்களை ஒப்பிட அதனை முழுமையாக நம்பலாகாது.

ஆயினும், எவ்வளவு சிறந்த டயரும் காற்றுக் குறைந்தால் பயனற்றது. காற்றுக் குறைந்த டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக மடங்கி நிமிர்கிறது. அம்மடிப்பே வெப்பமாகி, சாலையின் வெப்பத்தோடு சேர்ந்து அடுக்குகளைப் பிரிக்கிறது. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் வாகனங்களில் பொருத்தப்பட்டிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள் பட்டன் பிரிந்து விபத்துக்கள் நேர்ந்தமையால், 2000 ஆகஸ்டில் 65 இலட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. 271 பேர் மாண்டதாக அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை கணக்கிட்டது. விபத்துக்கள் வெப்பம் மிகுந்த மாநிலங்களிலேயே அதிகம். அதற்கு முந்தைய ஆண்டே சவூதி அரேபியாவில் இக்குறை தென்பட்டு, அங்கே டயர்கள் மாற்றித் தரப்பட்டன. நம் பிள்ளைகள் உழைக்கும் வளைகுடாவின் வெயில் முதலில் எச்சரித்தது. அதனைச் செவிமடுத்தோர் குறைவு.

எனவே, காலையில் வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளக்க வேண்டும். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையின் அளவே சரியான அளவு. வெப்பம் 10 பாகை கூடினால் அழுத்தம் ஒன்றரை முதல் இரண்டு பி.எஸ்.ஐ. வரை உயரும். அது இயல்பே. சூடான டயரில் காற்றை இறக்கினால், குளிர்ந்த பின் அது குறைகாற்று டயராகிவிடும். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த காரை ஓட்டுவது நம் நாட்டு வாகன விதிகளின்படியே குற்றம். இரண்டு டயர் மட்டும் மாற்ற வசதியிருப்பின், புதியவற்றைப் பின்புறம் பூட்டுவது நல்லது. பின்சக்கரம் வழுக்கினால் வண்டியை அடக்குவது கடினம். ஸ்டெப்னியின் வயதையும் பார்க்க மறவாதீர்கள்.

மூன்று வகைகளில் நடுத்தர விலையுடைய, ஈரப் பிடிமானத்தில் நற்பெயர் பெற்ற, நான்கு மாதத்திற்கு முன் செய்யப்பட்ட டயரையே தேர்ந்தெடுத்தேன். விலையுயர்ந்தது எங்கள் சிறு காரின் வேகத்திற்குத் தேவைப்படவில்லை.

கதை இத்துடன் முடியவில்லை. கழற்றிய பழைய டயர்களில் மூன்று, பட்டன் குறையாமல் பளபளப்பாக என் வீட்டு வாசலில் கிடந்தன. அவற்றைக் கண்ட ஒருவர் 2,500 ரூபாய் தருவதாகக் கூறினார். மருத்துவச் செலவிற்குப் பின் அத்தொகை எனக்குச் சிறிதன்று. "நல்ல டயர்தானே?" என்று கேட்டார். ஒரு கணம் என் நா எழவில்லை.

அந்த வாரம்தான் மாணவர்களுக்கு ஒரு நபிமொழியைப் பாடம் நடத்தியிருந்தேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கக் கண்டு வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சி முஸ்லிம் நபிமொழித் தொகுப்பில் பதிவாகியுள்ளது. என் வாசலில் கிடந்ததும் அத்தகைய குவியலே. மேலே பளபளப்பு, உள்ளே முதுமை. எனக்கு விற்றவர் வயதைச் சொல்லவில்லை என்று மனத்தாங்கல் கொண்டிருந்த நான், அதே வேலையைச் செய்ய எத்தனை நொடி தயங்கினேன் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். நான்கு இலக்கங்களையும் அவருக்குக் காட்டி, மரக்காணத்தில் நடந்ததையும் கூறினேன். அவர் நன்றி கூறிச் சென்றுவிட்டார்.

அம்மூன்று டயர்களையும் அந்த ஓட்டுநர் இளைஞரிடமே கொடுத்தேன். அவருடைய தந்தையின் படகு கரையிலும் மற்றப் படகுகளிலும் மோதிச் சேதமடையாதிருக்க, அவை இப்போது அதன் பக்கங்களில் தொங்குகின்றன. சுபுஹ் தொழுகைக்குப் பின் கடற்கரையில் நடக்கையில் அவற்றைக் காண்கிறேன். அந்தப் பணிக்கு வயது ஒரு குறையன்று.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்ற அறிவுரையை நாம் அனைவரும் அறிவோம். கயிற்றின் வயதைப் பார்ப்பதும் கட்டுவதில் அடங்கும் என்பதை என் தாயாரின் மணிக்கட்டு எனக்குக் கற்பித்தது. இக்கட்டுரையைப் படித்து முடித்ததும், வாசலில் நிற்கும் உங்கள் வாகனத்தின் அருகே ஒரு முறை குனிந்து அந்த நான்கு இலக்கங்களைப் பாருங்கள். பயணம் செல்லும் அனைவரையும் வல்ல இறைவன் நலமுடன் வீடு சேர்ப்பானாக. ஆமீன்.