மழையில் ஒரு நடை

சென்ற ஐப்பசியில் ஒரு நாள், பிள்ளையார்பாளையத்துத் தேநீர்க் கடையொன்றினின்றும் யானும் என் நண்பனும் திருப்பருத்திக்குன்றம் நோக்கிப் புறப்பட்டோம். வேகவதியைக் கடக்குமுன்னரே மழை பிடித்துக்கொண்டது. இருந்தது ஒரு குடை. காற்று அதனைப் பொருட்படுத்தவில்லை. நனைந்தவாறே ஓடிச் சமணர் கோயிலின் சங்கீத மண்டபத்தில் ஒதுங்கினோம். 1387இல் இருகப்பர் எடுப்பித்த மண்டபம் அது. விதானமெங்கும் தீர்த்தங்கரர் வரலாறு ஓவியமாய் விரிந்து கிடந்தது. அண்ணாந்து நோக்கிக் கழுத்து நொந்ததே யன்றிக் கண் நிறையவில்லை. "இம்மழை இன்னும் பெய்க!" என்றான் நண்பன். யானும் ஆம் என்றேன்.

நண்பகலில் அக்கடைக்கே மீண்டோம். காலையிற் கண்ட முதிய நெசவாளர் அதே பலகையில் அமர்ந்திருந்தார்.

"தறிக்குச் செல்லவில்லையா, ஐயா?" என்றேன்.

"தறிக்குழியில் நீர் ஊறிவிட்டது, தம்பி. தெருவில் பாவு விரிக்கவும் வழியில்லை. மழை விட்டால்தான் கூலி."

இவ்வளவே சொல்லித் தம் தோளிற்கிடந்த துண்டை எடுத்து, "தலையைத் துவட்டிக்கொள்," என்று நீட்டினார்.