பல மரம் கண்ட தச்சன்



'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்று எங்க ஊர்ப் பெரியவங்க சொல்வாங்க. அந்தத் தச்சன் வேறு யாரும் இல்லை. இறுதியாண்டு மெக்கானிக்கல் படிக்கும் நானும், என் புராஜெக்ட் குழுவில் உள்ள மற்ற நாலு பேரும்தான்!

என் அப்பா பொள்ளாச்சிப் பக்கம் தோப்புகளில் தேங்காய் உரிப்பவர். நிலத்தில் நட்ட பாரையில் காயைக் குத்தித் திருகி மட்டையைக் கிழிக்க வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற வேலை. ராத்திரி இடுப்பில் தைலம் தேய்க்காமல் படுக்க மாட்டார். எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் புராஜெக்ட் என்றதுமே, காலால் மிதித்துத் தேங்காய் உரிக்கும் கருவி செய்யலாம் என்று நான்தான் சொன்னேன். பழைய இரும்புக் கடையில் ஆங்கிளும் பட்டையும் வாங்கி ஒரு மாதிரி செய்தோம். காயில் குத்தி நிற்கும் இரண்டு கூர் அலகுகள். மிதித்தால் அலகு விரியும், மட்டை பிளக்கும். பத்துக் காயில் ஏழு உரிந்தது!

அங்கேயே நின்றிருக்கலாம். "இதெல்லாம் பழசுடா, சீனியர்ஸ் எப்பவோ செஞ்சது" என்று பக்கத்துக் குழு சிரித்தது. எங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. மோட்டார் வைத்த உரிக்கும் இயந்திரத்துக்குத் தாவினோம். மோட்டார் விலையைக் கேட்டதும் செல்போனில் ஓட்டும் புல்வெட்டி. அதில் சர்க்யூட் புகைந்ததும், வேகத்தடையில் மின்சாரம் எடுப்பது. யூடியூபில் பார்க்க எல்லாமே ஜோராகத்தான் இருந்தது. மூன்று மாதம் போனது. அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கொடுத்த 2,000 ரூபாயும் போனது. மிச்சம், ஒரு பை நிறைய ஒயர் துண்டுகள்! "மிஷினு ஆயிருச்சா கண்ணு?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்க தெரு அடிபம்பைப் பிரித்து ரிப்பேர் பார்த்தார்கள். பக்கத்தில் போய் நின்றேன். கைப்பிடி அச்சில் பால் பேரிங், கம்பியை இழுக்க ஒரு செயின், கீழே சிலிண்டரில் வாஷர். இவ்வளவுதானா! மறுநாள் ஒர்க்‌ஷாப் சாரிடம் சொன்னேன்.

"அது இந்தியா மார்க் 2 தம்பி. அதுக்கு முன்னாடி போட்ட வார்ப்பிரும்பு பம்பெல்லாம் ஒரு குடும்பம் அடிக்கிறதுக்குன்னு செஞ்சது. ஊரே அடிச்சதும் உடைஞ்சு போச்சு. சோலாப்பூர்ல செஞ்ச ஒரு எஃகு பம்பு மட்டும் தாங்குச்சு. 1970கள்ல யுனிசெஃப் உதவியோட அதையே எடுத்து, எங்க தேயுது, எங்க உடையுதுன்னு பார்த்துத் திருத்துனாங்க. நம்ம கோயமுத்தூர்ப் பக்கம்தான் போட்டுச் சோதிச்சாங்க. அப்புறம் வாஷர் மாத்தறதுக்குக் குழாய் மொத்தத்தையும் தூக்க வேண்டியிருக்கேன்னு, குழாயை அகலமாக்கி மார்க் 3 செஞ்சாங்க. பம்பை மாத்தல, தொல்லையை மாத்துனாங்க."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "உன் மிஷின்ல மூணு காய் ஏன் உரியலைன்னு பார்த்தியா?" என்றார்.

பார்க்கவில்லை! உரிந்த ஏழையும் விட்டுவிட்டு ஓடினோமே தவிர, உரியாத மூன்றை ஏன் என்று கேட்கவே இல்லை.

அன்றைக்கே மூலையில் கிடந்ததைத் தூசி தட்டினோம். ஒவ்வொரு காயையும் நோட்டில் எழுதினோம். காரணம் இரண்டே இரண்டு. மிதிக்கட்டையின் அச்சாணித் துளை தேய்ந்து ஆடியதால் அலகு விலகியது. சின்னக் காயில் அலகு ஆழமாக இறங்கவில்லை. துளைக்கு லேத்தில் ஒரு புஷ் கடைந்து போட்டோம். அலகைத் தீட்டி நுனியை ஒடுக்கினோம். மூன்று வாரத்தில் ஐம்பது காயில் நாற்பத்தாறு உரிந்தது.

ரிவியூவில் 'புதுமை'க்கு மதிப்பெண் கொஞ்சம் குறைவுதான். ஆனால் எங்க குழுவில் யாருக்கும் வருத்தம் இல்லை. அந்த வாரமே கருவியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்த்தார். முப்பது காய் ஆனதும் சொன்னார்: "வேகத்துக்குப் பாரைதான் கண்ணு. ஆனா இதுல குனிய வேண்டியதில்ல பாரு."

எனக்கு அந்த ஒரு சொல் போதும்.

நண்பர்களே! புதுசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்தில் ஏழு உரியும் கருவி உங்கள் கையிலும் ஒன்று இருக்கும். அது படிக்கும் முறையாக இருக்கலாம், பழகும் தொழிலாக இருக்கலாம். அடுத்த மரத்தைத் தேடி ஓடுவதற்கு முன், அந்த மூன்று ஏன் உரியவில்லை என்று ஒரு தடவை பாருங்கள். அம்மாவின் கடனில் எனக்கு இன்னும் நாலு தவணை பாக்கி. உங்களுக்காவது அந்தச் செலவு மிச்சமாகட்டும்!