சேலைக் கடைக்கு அப்பால் கிள்ளான்

பந்திங் பக்கத்துத் தோட்டங்களில் "கிள்ளானுக்குப் போறோம்" என்றால் அது தெங்கு கிளானா சாலைக்குப் போவதுதான். சேலை, நகை, மல்லிகைப்பூ, தீபாவளிச் சாமான், கடைசியில் ஒரு வாழையிலைச் சாப்பாடு. அதோடு கிள்ளான் முடிந்தது. புரட்டாசி சனிக்கிழமையானால் சுந்தரராஜப் பெருமாள் கோயில். இதைவிட அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் நம்மில் அநேகர். சேலைக் கடையை விட்டுச் சற்று நடந்தால் ஆறு இருக்கிறது, வாசகர்களே. அதன் கரையில் நம் கதையும் கொஞ்சம் கிடக்கிறது.

சென்ற பள்ளி விடுமுறையில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் நால்வரையும், அவர்களில் ஒருத்தியின் கொள்ளுப்பாட்டியையும் அழைத்துக்கொண்டு போனேன். பாட்டிக்கு வயது எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. "நான் பார்க்காத கிள்ளானா டீச்சரம்மா?" என்று சொல்லிக்கொண்டே பேருந்தில் முதல் ஆளாக ஏறிச் சன்னலோரம் பிடித்துக்கொண்டவர் அவர்தான்.

ஆறு அழகாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பழுப்புத் தண்ணீர். கடல் ஏற்றத்தோடு ஏறி, இறக்கத்தோடு இறங்கும். நாங்கள் போன நேரம் தண்ணீர் வடிந்து கரைச் சேறு வெளியே தெரிந்தது. பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். ஆனால் கோலாலம்பூர் பிறந்தது இந்தத் தண்ணீர் வழியாகத்தான். 1857இல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, ஈயம் தேட 87 சீனத் தொழிலாளர்களை இந்த ஆற்றில் மேலே அனுப்பினார். கோம்பாக் ஆறு வந்து கலக்கும் இடத்தில் இறங்கிக் காட்டு வழியாக அம்பாங் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு மாதத்துக்குள் 69 பேர் காய்ச்சலில் மாண்டுபோனார்கள். "மீதி எத்தனை பேர்?" என்று கேட்டேன், கணக்குப் பாடத்தை நான் எங்கேயும் விடுவதில்லை. "பதினெட்டு" என்றான் ஒரு பையன். அதன் பிறகு சற்று நேரம் அவன் பேசவே இல்லை.

அந்த ராஜா அப்துல்லாவின் கிடங்கு இன்னும் ஆற்றருகே நிற்கிறது. சுரங்கத்துக்குப் போகும் அரிசியும் சாமானும், அங்கிருந்து வரும் ஈயமும் தங்கிப் போன இடம். பிற்காலத்தில் காவல் நிலையமாகவும், ஈய அரும்பொருளகமாகவும் இருந்திருக்கிறது. குன்றின் மேல் ராஜா மஹாடி கோட்டை. 1867இல் அவர் கிள்ளானைப் பிடித்ததில் தொடங்கிய சண்டை 1874 வரை ஓயவில்லை. 1934இல் திறக்கப்பட்ட சுல்தான் சுலைமான் பள்ளிவாசலை வெளியே நின்று பார்த்துக்கொண்டோம். அரச நகரம் முன்பு நம் பந்திங் பக்கத்து ஜுக்ராவாக இருந்தது; சுல்தான் சுலைமான் காலத்தில்தான் அது கிள்ளானுக்குப் போயிற்று. அந்த வருத்தம் நம் பக்கத்துப் பெரியவர்களுக்குக் கொஞ்சம் உண்டு. இப்போது 2024இல் கிள்ளான் மாநகரமாகவும் ஆகிவிட்டது. ஆகட்டும்!

ஆற்றைக் கடக்கக் கோத்தா பாலத்துக்கு வந்தோம். இரண்டு தட்டுப் பாலம் அது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் கட்டத் தொடங்கியது. மேலே மோட்டார் வண்டிகளுக்கு, கீழே நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும். பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகு மேல் தட்டில் வண்டிகள் ஓடுவதில்லை. நாங்கள் கீழ்த் தட்டில் நடந்தோம். நடுவழியில் பின்னாலிருந்து மணிச்சத்தம். வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவர், கைப்பிடியில் காய்கறிப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, எங்களைக் கடந்து போனார். பாட்டி ஒதுங்கி நின்று அவர் அக்கரை சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா வச்சிருந்தாரு ஒரு சைக்கிள். தூரத்துல துரை காடி தெரிஞ்சாலே எறங்கிடணுமாம். தொப்பி போட்ட கிராணி வந்தாலும் எறங்கணும். எறங்கி, ஓரமா பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அம்மா சொல்லும்."

"ஏன் பாட்டி எறங்கணும்?" என்று கேட்டாள் கொள்ளுப்பேத்தி.

பாட்டி என்னைப் பார்த்தார். ஆற்றங்கரையில் எதைச் சொல்ல நினைத்தேனோ அதைச் சொல்ல இடம் கிடைத்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் பால்மரத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆணுக்கு நாள் கூலி ஏறத்தாழ அரை வெள்ளியாக இருந்த காலம். முன்னின்றவர் ஆர்.எச். நாதன், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்துக்காரர். 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியவர். சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும், கள்ளுக்கடையை மூடு, பெண்களிடம் முறைகேடாக நடக்காதே, பிள்ளைகளுக்குப் படிப்பு கொடு, நல்ல வைத்தியம் கொடு. இந்தக் கோரிக்கைகளோடு இன்னொன்றையும் எழுதினார்கள்: துரையோ கிராணியோ எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்.

கூலிக்காகச் சண்டை என்றால் எவருக்கும் புரியும். கூலியோடு சேர்த்து இந்தச் சைக்கிளையும் எழுதினார்களே, அந்த வரியை முதலில் படித்தபோது எனக்கு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. பிள்ளைகளின் படிப்பும் அதே பட்டியலில் இருக்கிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சம்பளம் வாங்கும் எனக்கு அது வெறும் சரித்திரமாகத் தோன்றவில்லை.

மே மாதம் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். வேலை நிறுத்தம் பரவியது. பட்டாளம் வந்தது, அதில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர்கள் போயின. அந்த டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். பிறகு சயாம் ரயில் பாதை, பஞ்சம். சைக்கிள் கதையைக் கேட்க யாருக்கு நேரம்?

அன்று நாங்கள் சுற்றிய தெருக்களில் 1857க்குப் பலகை இருந்தது, சுல்தான்களுக்குப் பலகை இருந்தது. 1941க்கு ஒன்றும் எங்கள் கண்ணில் படவில்லை. உங்கள் லயத்திலோ, தாமானுக்குக் குடிபோன வீட்டிலோ இந்தக் கதை தெரிந்த பெரியவர்கள் இருந்தால் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்பாக மாறிக்கொண்டிருக்கின்றன. கேட்க வேண்டியவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

பாலத்தை விட்டு இறங்கும்போது, அந்தக் கணக்குப் போட்ட பையன் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "ஒங்க அப்பா சைக்கிள் இப்ப எங்க பாட்டி?"

"ஜப்பான்காரன் காலத்துல அரிசிக்குப் போயிடுச்சுடா" என்றார் பாட்டி. "ஒரு மூட்டைகூட இல்ல. அரை மூட்டை."